பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு மனுவோடு வருகிறவர்களுக்கு அப்போதெல்லாம் வெளியே டீக்கடையில் ஒரு யோசனை இலவசமாகக் கிடைக்கும். ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமா, மூன்றாவது கடைக்குப் போ; சாட்சிக் கையெழுத்து வேண்டுமா, அந்தக் கடையை விட்டுவிட்டு வேறு எங்கே வேண்டுமானாலும் போ. அந்த மூன்றாவது கடைக்காரரைத்தான் ஊரே ஜெராக்ஸ் அக்கா என்று கூப்பிட்டது. அவர் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நான் பழகிய நாளில் அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தங்கையோடு போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பார், போனை வைத்ததும் எதிரில் நிற்பவரிடம் தமிழுக்கு வந்துவிடுவார். ஜெராக்ஸ் எடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது, ஆன்லைனில் பதிந்து கொடுப்பது எல்லாம் செய்தார். இங்கிலீஷ் பேப்பரை வாசித்து அர்த்தம் சொல்லக்கூடிய ஆள் அந்த வரிசையில் அவர் ஒருவர்தான்.

சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது பேப்பரை நீட்டினால் அக்கா உடனே பேனாவை எடுக்கமாட்டார். மேசையில் விரித்து வைத்து, ஆள்காட்டி விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதடு அசைய முழுக்க வாசிப்பார். பிறகு நிமிர்ந்து, "இதுல நான் என்னத்தப் பாத்தேன்?" என்று கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருக்கும். சரியான பதில் வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் பேப்பர் திரும்பி வந்துவிடும்.

சொந்தத் தங்கையின் கல்யாணத்தைப் பதிவு செய்யும்போதுகூட அவர் சாட்சி போடவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அவர் பின்கட்டில் சம்பந்தி வீட்டாருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாராம். மேளச் சத்தம் கேட்டது, கட்டினதைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். தங்கை ஆறு மாதம் பேசவில்லை.

நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவின் பென்சனுக்காக வந்தார். பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். அக்காவுக்கு அந்தப் பெரியவரைத் தெரியும். ஆனால் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "அப்ப உசுரோட இருந்தாரு. இன்னைக்கு இருக்காருன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றார். மகன், எங்க அப்பன கொன்னுட்டா இங்க வந்து நிக்கேன் என்று சத்தம் போட்டார். அக்கா கடைக் கதவை இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப்போய், வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடந்த பெரியவரிடம் பேரும் ஊரும் கேட்டு, அவரிடமும் நாலு வசவு வாங்கிக்கொண்டு, கட்டில் சட்டத்தில் வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அக்கா உசுரு பாத்துட்டு வந்துருச்சு என்று டீக்கடையில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாம் சிரிப்போடு முடியவில்லை. பந்தல்குடிக்குக் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணை அண்ணன் தம்பி இரண்டு பேர் கூட்டிவந்தார்கள். அப்பா விட்டுப்போன புஞ்சையில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அக்கா அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மனசறிஞ்சுதான் குடுக்கியா என்று கேட்டிருக்கிறார். அவள் வாயைத் திறக்காமல் அழுதிருக்கிறாள். நான் சாட்சி போடமாட்டேன் என்று அக்கா வெளியே வந்து சொன்னதும், ஒருவன் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியை அடித்து உடைத்துவிட்டுப் போனான். மறுநாள் வேறு யாரோ சாட்சி போட்டு அந்தப் பத்திரம் பதிவாகிவிட்டது. அக்கா புதுக் கண்ணாடி வாங்கிப் பொருத்திக்கொண்டார்.

நான் அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். இருபத்தாறு வயது. கல்யாண ஆல்பம் தயார் செய்வதுதான் வேலை. கேமராவை என் கையில் தரமாட்டார்கள். சென்னையிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்து, சுற்று ஊர்களில் பெண்களைப் படமெடுக்க வேண்டும், பேசிப் பழக உள்ளூர்ப் பெண் ஒருத்தி துணைக்கு வேண்டும் என்று கேட்டபோது முதலாளி என்னை அனுப்பினார். காய்ந்த கண்மாய், ஆடு மேய்ப்பவர்கள், சீமைக் கருவேலை வெட்டிக் கரி போடுகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டே போனார். நல்ல மனிதர்தான். தண்ணீர் பாட்டிலைத் தான் குடிக்குமுன் எனக்கு நீட்டுவார். கேமராவை என் கழுத்தில் மாட்டி, இது வெளிச்சத்துக்கு, இது தூரத்துக்கு என்று அவர்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்.

அவருடைய செல்போனில் ஒரு ஆப் இருந்தது. படத்தில் இருப்பவரின் பேர், ஊர், பிறந்த தேதி போட்டு, முகத்தை ஒரு படம் பிடித்து, திரையில் விரலால் கையெழுத்து வாங்கினால், எல்லாம் சேர்ந்து ஒரு பாரமாகி மெயிலுக்குப் போய்விடும். மாடல் ரிலீஸ் என்று அதற்குப் பேர். என் படத்தை விற்றுக்கொள்ளலாம் என்று படத்தில் இருப்பவர் கொடுக்கிற சம்மதம். அது இல்லாவிட்டால் விளம்பரத்துக்கு அந்தப் படத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். கடைசியில் சாட்சிக்கு ஒரு கட்டம். படமெடுத்தவரே சாட்சியாக முடியாது. இங்கிலீஷ் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். நான் யோசிக்காமல் ஜெராக்ஸ் அக்காவிடம் கூட்டிப்போனேன்.

ரிலீஸ் என்றதும் அக்கா, "விடுதலைப் பத்திரமா? எத விட்டுக்குடுக்காக?" என்று கேட்டார்.

அவுங்க படத்தைத்தான் என்றேன்.

"மொகத்தையா?" என்றார். கேட்டுவிட்டு, வாரேன், ஆனா நேருல பாத்துத்தான் போடுவேன் என்று ஸ்கூட்டியை எடுத்தார்.

கண்மாய்க் கரையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா போனை வாங்கித் திரையை மேலே தள்ளித் தள்ளி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இந்தப் படத்தை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போடலாம், எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் போடலாம், வெட்டி ஒட்டி மாற்றலாம், இன்றைக்குச் சரியென்று சொல்லிவிட்டு நாளைக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப்பேர் சிரித்துக்கொண்டே விரலால் கிறுக்கினார்கள். ஒவ்வொருவர் கையெழுத்தையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அக்கா தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குள் படமெடுக்க ஏற்ற சாய்வெயில் போய்விட்டது. இவங்க அர்த்தம் சொல்றாங்களா, பயமுறுத்துறாங்களா என்று போட்டோகிராபர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் முனீஸ்வரியின் முறை. கரிமூட்டத்தில் வேலை பார்த்தவள், கல்யாணமாகி மூன்று வருடம். முட்டியில் தாடையை ஊன்றிக்கொண்டு வறண்ட கண்மாயைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்ததைப் போட்டோகிராபர் எடுத்திருந்தார். அந்தப் பயணத்திலேயே நல்ல படம் அதுதான் என்று எனக்கே தெரிந்தது. நிஜத்தில் அப்போது அவள் யோசித்துக்கொண்டிருந்தது மதியச் சாப்பாட்டைப் பற்றி. அவளே சொல்லிச் சிரித்தாள்.

முந்தின நாள் இல்லாத ஒரு வரியை அன்றைக்கு அக்கா கண்டுபிடித்தார். இந்தப் படத்துக்கு மட்டும் போட்டோகிராபர் வேறு ஒரு பாரத்தை எடுத்திருந்தார் போலிருக்கிறது. நோய், உடற்குறை, குடும்பப் பிரச்சினை போன்ற விஷயங்களைக் காட்டவும் படத்தைப் பயன்படுத்தலாம் என்று அந்த வரி சொன்னது. என்ன நோய் என்று போடுவீர்கள் என்று அக்கா கேட்டார். இந்த மாதிரிப் பாரத்தில் எல்லாம் வருவதுதான், யாரும் அப்படிப் போடமாட்டார்கள் என்றார் அவர். அப்படியானால் அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றார் அக்கா. இது பேப்பர் இல்லையே, ஆப்பில் இருக்கிற வரியை நான் அடிக்க முடியாது என்றார்.

"அடிக்க முடியாத வரிக்குக் கீழ நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்" என்று அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முனீஸ்வரி எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.

அன்று திரும்பும்போது போட்டோகிராபர் என்னிடம் பேசினார். ஊருக்குப் போனதும் புதுக் கேமரா வாங்கப் போவதாகவும், பழையதை எனக்கே தந்துவிடுவதாகவும் சொன்னார். அடுத்த வருடம் தன்னோடு வேலைக்கு வரலாம் என்றார். பிறகு, அந்தப் பொண்ணு உங்களை நம்புறா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் என்றார். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் இன்றைக்கு நான் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்திருப்பேன்.

காலையில் அவருடைய போனை வாங்கிக்கொண்டு நான் மட்டும் கரிமூட்டத்துக்குப் போனேன். முனீஸ்வரி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கரியை மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தாள். எல்லாரும் போடுறதுதான், ஒண்ணும் ஆகாது என்றேன். நீங்க சொன்னாச் சரிக்கா என்று துணியை அவிழ்த்துப் படத்துக்கு முகத்தைக் காட்டினாள். அவள் விரலில் கரி அப்பியிருந்ததால் திரை ஏற்கவில்லை. என் துப்பட்டா நுனியால் அவள் விரலைத் துடைத்துவிட்டேன். அவள் போட்டாள். சாட்சிக் கட்டத்தில் நான் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கேமரா சொன்னபடி கூரியரில் வந்தது. வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒரு வருடம் கழித்து, மதுரையில் ஒரு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியின் விளம்பரம் எங்கள் பக்கம் வந்தது. அருப்புக்கோட்டையில் ஆளுயர ஃபிளக்ஸ், ஆட்டோக்களின் முதுகில் ஸ்டிக்கர். தாய்மைக்காக ஏங்கித் தவிக்கிறீர்களா என்று கேட்டு, பக்கத்தில் முட்டியில் தாடையை ஊன்றிய முனீஸ்வரி. கண்மாயை எடுத்துவிட்டு, ஒரு வெறும் தொட்டிலை வைத்திருந்தார்கள்.

அவளுக்கு அப்போதும் குழந்தை இல்லை. மாமியார் அதுவரை வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஊர் முழுக்க எழுதி வைத்ததுபோல் ஆகிவிட்டது. அவள் யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், காசு வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. லோடு ஏற்றப் போன இடத்தில் புருஷனை நிறுத்தி, குறை ஒன் மேலயா அவ மேலயா என்று கேட்டிருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து அவளை அடித்தான். வீங்கின உதட்டோடு அவள் பஸ் ஏறி வந்தது என்னிடம் இல்லை, ஜெராக்ஸ் அக்காவிடம். அக்கா எனக்குப் போன் செய்து, ஒடனே வா என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பாரத்தின் ஒரு நகல் என் மெயிலிலும் இருந்தது. அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்து, வழக்கம்போல் முதல் வரியிலிருந்து விரலை நகர்த்தி வாசித்துக்கொண்டே வந்தார். சாட்சிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது நீயா?"

"ஆமாக்கா."

"இத அவளுக்கு வாசிச்சுச் சொன்னியா?"

"இல்லக்கா."

"நீ வாசிச்சியா?"

"இல்ல."

"அப்ப நீ என்னத்தப் பாத்த?"

முனீஸ்வரி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக்கா நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாக என்று அக்காவிடம் எனக்காகப் பேசினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மூன்று பேரும் அலைந்தோம். போட்டோகிராபர் முதல் முறை வருத்தப்பட்டார். படம் விற்கிற இணையதளத்தில் ஏற்றியதோடு தன் கையைவிட்டுப் போய்விட்டது, யார் வாங்கினார்கள் என்றுகூடத் தனக்குத் தெரியாது என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மேனேஜர் எங்களை உட்காரவைத்துக் காபி தந்தார். படத்துக்கு உரிமை வாங்கின ரசீதைக் காட்டினார். இந்த விளம்பரம் சீக்கிரம் மாறிவிடும்மா, அதுவரை பொறுத்துக்குங்க என்றார். முனீஸ்வரி கிளம்பும்போது அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தீங்க, டாக்டரைப் பார்த்துட்டுப் போறீங்களா என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீல் பாரத்தைப் பார்த்தார். பேர், தேதி, முகம், கையெழுத்து, சாட்சி, எல்லாம் பக்காவா இருக்கே என்றார். ஏதாவது வழி உண்டா என்று அக்கா கேட்டார். சாட்சி போட்ட பிள்ளை, நான் வாசித்துக் காட்டவில்லை, தெரியாமல் போட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நோட்டீஸ் விடலாம், ஆனால் அது இந்தப் பிள்ளை தலையில் வந்தாலும் வரும் என்றார். அக்கா என் பக்கம் திரும்பினார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.

எனக்கு அந்தத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா கூடவே கூடாது என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பாவைக் காரணம் சொல்கிறேன். அவர் சரியென்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அக்கா இரண்டாவது முறை கேட்கவில்லை.

முனீஸ்வரியைப் புருஷன் வீட்டார் கொண்டுவந்து தாய்வீட்டில் விட்டுவிட்டார்கள். அங்கிருந்து அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். சொன்னபடி ஃபிளக்ஸ் மாறியது. ஆட்டோ ஸ்டிக்கர்கள் யாரும் கிழிக்காமல் வெளுத்துப்போய்க் கிடந்தன. ஆனால் படம் நிற்கவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அக்கா போனில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அவள் விதவை. இன்னொரு இடத்தில் குடிகாரன் பெண்டாட்டி. ஏதோ வெளிநாட்டு இணையப் பக்கத்தில் பஞ்சம் பிழைக்கப் போனவள். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு மெயில் எழுதினார். உங்கள் கடிதம் கிடைத்தது என்று தானாக வருகிற பதில்தான் வந்தது. கொஞ்ச நாளில் முனீஸ்வரியின் நம்பரும் வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் தாய்வீட்டில் கேட்டதற்கு, அவ பேச்ச எடுக்காதீக என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோதுதான் அக்கா என்னிடம் கடைசியாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினார். என்னைக் குறை சொல்வார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"அன்னைக்கு நான் போடமாட்டேன்னு எந்திரிச்சு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்குனேன். நான் பொய் சொல்லலேன்னு. அதுல அவளுக்கு என்ன மிச்சம்? அந்தப் பந்தல்குடிப் பிள்ளைக்குத்தான் என்ன மிச்சம்?"

நான் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

நான் மல்லாங்கிணற்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டேன். அப்பா போன வருடம் காலமானார். வாரிசுச் சான்றுக்கு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. குடும்பத்தைத் தெரிந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எனக்கு வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. ஆனாலும் அந்தக் கடைக்குத்தான் போனேன். அவர் விரலை நகர்த்தி வாசிப்பார், ஒங்க அப்பாவுக்குப் பிள்ளைக எத்தனைன்னு நான் எங்க பாத்தேன் என்று கேட்பார், நான் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

கடையில் கூட்டம். இப்போது சாட்சிக்கும் இங்கேதான் வருகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அக்காவுக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. ஒரு ஏஜெண்ட் பத்துப் பதினைந்து பேப்பர்களை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூலையை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்ட, அக்கா போட்டுக்கொண்டே வந்தார். என்னை அடையாளம் தெரிந்து, சௌக்கியமா என்று கேட்டார். அப்பா இறந்ததைச் சொன்னேன். தலையை அசைத்தபடி என் கையிலிருந்த மனுவை வாங்கினார். கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"அக்கா, மேல இன்னும் ஒண்ணுமே எழுதலையே" என்றேன்.

"எழுதிக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் கையை நீட்டினார்.

அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வேறு மனு வாங்கியிருக்கலாம். வெளியே வந்து, டீக்கடை பெஞ்சில் வைத்து, அப்பா பேர், அம்மா பேர், என் பேர், தம்பி பேர் எல்லாவற்றையும் எழுதி நிரப்பினேன். ஆபீஸ் மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்தைப் பார்த்துவிட்டு, சரியா இருக்கு என்று வாங்கிக்கொண்டார்.